ஓசூரில் வாடகை, கிருஷ்ணகிரியில் லீஸ்: பணம் கைமாறும் முன்

உங்கள் கேள்வியில் இரண்டு வீடுகள் இருக்கின்றன. முதலாவது, தருமபுரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகவிருக்கும் நீங்கள், பாகலூர் சாலையருகே இருப்பதாக இணையத்தில் பார்த்த இரண்டு படுக்கையறை வீடு. வாடகை 6,500 ரூபாய், அட்வான்ஸ் 26,000 ரூபாய். உரிமையாளர் தாம் ராணுவத்தில் இருப்பதாகவும் ஜம்முவில் பணியாற்றுவதாகவும் சொல்லி, வீட்டைப் பார்ப்பதற்கு ‘விசிட் பாஸ்’ என்று 1,999 ரூபாய் வாங்கிவிட்டார். இப்போது வேறொருவர் அதே வீட்டைக் கேட்பதாகவும், பாதி அட்வான்ஸ் 13,000 ரூபாயை இன்று மாலைக்குள் அனுப்பினால் உங்களுக்காக நிறுத்திவைப்பதாகவும் சொல்கிறார். இரண்டாவது, கிருஷ்ணகிரியில் உங்கள் அக்கா குடும்பத்தினர் நான்கு லட்சம் ரூபாய்க்கு மூன்றாண்டு லீஸ் பேசிவைத்திருக்கும் வீடு. அதைப் பேசி முடிப்பவர் உரிமையாளர் அல்லர்; ‘ஓனர் பெங்களூருவில் இருக்கிறார், எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிற ஒருவர். நீங்கள் முதல் வீட்டைப் பற்றித்தான் பதறி எழுதியிருக்கிறீர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிருஷ்ணகிரியில் ஆவண எழுத்தராக இருக்கும் எனக்கு, இரண்டாவது வீட்டைப் படித்தபோதுதான் கவலை வந்தது. இருந்தாலும் இன்று மாலைக்குக் கெடு வைத்திருப்பது முதல் வீட்டுக்காரர் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த 13,000 ரூபாயை அனுப்பாதீர்கள். அப்படியொரு வீடு அவரிடம் இல்லை. உங்களிடம் வந்த படங்களில் ஒன்றில் பால்கனிக்கு அப்பால் மெட்ரோ ரயில் தூண் தெரிவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஓசூருக்கு மெட்ரோ இன்னும் வரவில்லை. பெங்களூருவின் மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திராவோடு நின்றுவிடுகிறது. யாரோ பெங்களூருவில் வாடகைக்கு விட்ட வீட்டின் படத்தை எடுத்துப் பாகலூர் சாலை என்று போட்டிருக்கிறார்கள். கூகுள் லென்ஸில் அந்தப் படங்களைக் கொடுத்துத் தேடிப் பாருங்கள்; பெரும்பாலும் மூல விளம்பரமே கிடைத்துவிடும்.

இந்த வகை மோசடியின் கட்டுமானம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். முதலில் கேட்கும் தொகை சிறியதாக இருக்கும், அதுவும் ‘திரும்பக் கிடைக்கும்’ என்ற உறுதியோடு வரும். அந்தச் சிறிய தொகையைக் கொடுத்தவர் அதை இழந்துவிடக் கூடாது என்பதற்காகவே அடுத்த பெரிய தொகையையும் கொடுப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும். ராணுவ உடை, கேண்டீன் கார்டு, அடையாள அட்டை ஆகியவற்றின் படங்களைக் கேட்காமலேயே அனுப்புவார்கள். பிள்ளைகளை ராணுவத்துக்கு அனுப்பிய குடும்பங்கள் நம் மாவட்டங்களில் நிறைய உண்டு. அந்த மரியாதையைத்தான் அவர்கள் பணமாக்குகிறார்கள். அந்த அட்டைகள் வேறொருவரிடமிருந்து இதேபோல ஏமாற்றி வாங்கியவையாக இருக்கும். நேர்மையான வீட்டுக்காரர் எவரும் தம் வீட்டைப் பார்க்க நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை. சினிமாவுக்குத்தான் டிக்கெட், வாடகை வீட்டுக்கு இல்லை.

இதே கும்பல்கள் வீட்டு உரிமையாளர்களையும் விடுவதில்லை. வீடு வேண்டும் என்று பேசி, ‘அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்’ என்பார்கள். யுபிஐ பின் நம்பர் பணம் கொடுக்கவும் கணக்கின் இருப்பைப் பார்க்கவும்தான். பணம் வாங்குவதற்கு அந்த நம்பர் ஒருபோதும் தேவையில்லை. இந்த ஒரு வரியை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லிவைக்கலாம்.

ஏற்கெனவே போன 1,999 ரூபாய்க்காக 1930 என்ற எண்ணுக்கு இப்போதே பேசுங்கள். தொகை சிறியது என்று விட்டுவிட வேண்டாம். பணம் சென்ற கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு மாற்றப்படுவதற்குள் புகார் பதிவானால் வங்கி அதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த வாய்ப்பைக் குறைக்கும். பேசும்போது பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண், நேரம், பணம் சென்ற யுபிஐ முகவரி, அவருடைய கைபேசி எண் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அந்த எண்ணை உடனே பிளாக் செய்தும் விடாதீர்கள். முதலில் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேசியச் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம், மாவட்டச் சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கு நேரிலும் போகலாம். வங்கி ஈடுகட்டிவிடும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த விதி, நமக்குத் தெரியாமல் மூன்றாம் நபர் செய்த மோசடிப் பரிவர்த்தனைகளுக்கானது. இங்கே பின் நம்பரைப் போட்டு அனுப்பியது நீங்களே. இன்னொன்றையும் எதிர்பாருங்கள்: சில நாட்களில் ‘சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் இவ்வளவு’ என்று ஒருவர் அழைக்கக்கூடும். அவரும் அதே கூட்டம்தான்.

ஆதார் நகலையும் நிறுவன அடையாள அட்டையையும் அனுப்பிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆதாரின் இணையதளத்தில் கைரேகையையும் கண் கருவிழிப் பதிவையும் பூட்டிவைக்கும் வசதி உண்டு, அதைச் செய்யுங்கள். சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை கைபேசி இணைப்புகள் உள்ளன என்று பார்த்து, நீங்கள் வாங்காத எண் இருந்தால் அங்கேயே தெரிவியுங்கள். இனி யாருக்குக் கொடுத்தாலும் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ஆதாரைப் பதிவிறக்கி, நகலின் குறுக்கே ‘வாடகை வீட்டுக்காக மட்டும்’ என்று எழுதித் தேதியிட்டுக் கொடுங்கள்.

இனி ஓசூரில் வீடு தேடும் விதம். பணம் கொடுக்கும் முன் மூன்று விஷயங்கள் ஒரே ஆளிடம் வந்து சேர வேண்டும்: நீங்கள் நேரில் திறந்து பார்த்த கதவு, அந்த வீட்டின் காகிதங்களில் உள்ள பெயர், உங்கள் பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கு. இவற்றில் ஒன்று பிசகினாலும் அதற்கான காரணம் எழுத்தில் கிடைக்கும் வரை பணத்தை நிறுத்திவையுங்கள். மோசடிக்காரர்கள் பேச்சில் வல்லவர்கள் என்பதால், ஆளைப் பார்த்தால் நல்லவராகத் தெரிகிறார் என்ற கணிப்புக்கு இதில் இடம் தர வேண்டாம்.

கதவைப் பார்ப்பது எளிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தருமபுரியில் பேருந்து ஏறினால், மூக்கண்டப்பள்ளியோ சின்ன எலசகிரியோ மத்திகிரியோ, நீங்கள் நினைத்த பகுதியில் நான்கு தெருக்களை நடந்தே பார்த்துவிடலாம். ‘வீடு வாடகைக்கு’ என்ற பலகை தமிழிலும் ஆங்கிலத்திலும், சில தெருக்களில் கன்னடத்திலும் தொங்கும். இணைய விளம்பரத்தைவிட அந்தப் பலகைக்கே நான் அதிக மதிப்புத் தருவேன், ஏனென்றால் பொய்யான பலகையை இன்னொருவர் வீட்டுக் கேட்டில் நெடுநாள் தொங்கவிட முடியாது. உரிமையாளர் யார் என்பதை அவரிடம் கேட்பதற்கு முன்பு தெருவில் கேளுங்கள். மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும், இஸ்திரி வண்டிக்காரருக்குத் தெரியும். எல்லோரையும்விடத் தண்ணீர் கேன் போடுகிறவருக்கு நன்றாகத் தெரியும். எந்த வீட்டுக்கு எந்தப் பெயரில் கணக்கு, யார் எப்போது காலி செய்தார், அட்வான்ஸைத் திருப்பித் தருவதில் எந்த வீட்டில் தகராறு என்பதெல்லாம் அவர் படியேறி இறங்கும்போதே காதில் விழுந்தவை.

பெயரைப் பார்க்க இரண்டு காகிதங்கள் போதும்: மின் கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது. மின் இணைப்பு எண்ணை மீட்டர் பலகையிலேயே பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். ரசீதில் உள்ள எண் அதுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வரி ரசீதைப் பொறுத்தவரை, ஓசூர் 2019-இல் மாநகராட்சியாகிவிட்டதால் அதன் எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கு மாநகராட்சி ரசீது இருக்க வேண்டும், சுற்றியுள்ள கிராமங்களில் ஊராட்சி ரசீது இருக்கும். இந்த இரண்டிலும் உள்ள பெயரும் அவருடைய அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தால், மாத வாடகைக்குப் போகிறவருக்கு அந்த அளவு சரிபார்ப்பு போதுமானது. பத்திரத்தைக் காட்டு, பட்டாவைக் காட்டு என்று கேட்டால் நல்ல ஓனரும் முகம் சுளிப்பார். மூன்று மாத அட்வான்ஸுக்கு அவ்வளவு தேவையும் இல்லை.

பெயர் பொருந்தாத எல்லா இடத்திலும் மோசடி என்று சொல்லிவிட முடியாது. அப்பா இறந்து பத்து ஆண்டுகள் ஆகியும் மின் இணைப்பு அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் ஏராளம். அப்போது வாரிசுச் சான்றைக் கேளுங்கள். வாரிசுகள் பலர் என்றால் மற்றவர்கள் சம்மதித்து ஒரு தாளில் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அண்ணனிடம் அட்வான்ஸ் கொடுத்துக் குடிபோனபின் தம்பி வந்து பூட்டுப்போட்ட கதைகளில் அண்ணன் மோசடிக்காரராகவே இருக்க வேண்டியதில்லை, ஆனால் தெருவில் நிற்பது குடிவந்தவர்தான். ‘பவர்’ வைத்திருக்கிறேன் என்பவரிடம் அந்த அதிகார ஆவணத்தையே வாங்கி வாசியுங்கள். வாடகைக்கு விடவும் பணம் பெறவும் அதில் அதிகாரம் எழுதியிருக்க வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் முடிந்துவிடும் என்பதால், கொடுத்தவரோடு வீடியோ அழைப்பில் ஒருமுறை பேசிவிடுவது நல்லது.

சாவி வைத்திருப்பவரெல்லாம் ஓனர் அல்லர் என்பதையும் நினைவில் வையுங்கள். காலி செய்யவிருக்கும் குடித்தனக்காரரே தம்மை ஓனர் என்று சொல்லி, ஒரே வாரத்தில் நான்கைந்து பேருக்கு வீட்டைக் காட்டி, எல்லோரிடமும் டோக்கன் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போவது உண்டு. இணைய மோசடியைவிட இது எளிதில் ஏமாற்றும், ஏனென்றால் இங்கே வீடும் உண்மை, கதவும் உண்மை. இதைப் பிடிப்பது மேலே சொன்ன ரசீதுகள்தான். புரோக்கர் விஷயத்தில் ஒரே கண்டிப்பு: டோக்கன் தொகை அவர் கையில் போகக் கூடாது. ஓனர் கணக்குக்கு அனுப்புங்கள், அனுப்பும் முன் திரையில் காட்டும் வங்கிப் பதிவுப் பெயரை வாசியுங்கள். கமிஷனை ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சாவி வந்த பிறகு கொடுங்கள்.

ஓசூருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ‘ஓசூர் பக்கம்’ என்று விளம்பரம் செய்யப்படும் சில வீடுகள் சூசூவாடியைத் தாண்டி, அத்திப்பள்ளியில், அதாவது கர்நாடகத்தில் இருக்கும். அங்கே நமது வாடகைச் சட்டம் செல்லாது, நம் பதிவுத்துறை இணையதளத்தில் அந்த வீட்டின் விவரமும் வராது. காவேரி என்ற அவர்களுடைய தளத்தில்தான் தேட வேண்டும். பெங்களூருவில் நெடுநாளாக இருந்துவரும் பத்து மாத அட்வான்ஸ் வழக்கத்தை எல்லைக்கு இந்தப் பக்கமும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில், 22 பிப்ரவரி 2019 அன்று நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வேறுவிதமாக ஒப்புக்கொள்வது உங்கள் கையெழுத்தில்தான் இருக்கிறது என்பதால், கையெழுத்துப் போடும் முன் பேரம் பேசுங்கள்.

இப்போது உங்கள் அக்காவின் வீட்டுக்கு வருகிறேன். மாத வாடகை இல்லாமல் மொத்தத் தொகையைக் கொடுத்துவிட்டுக் குடியிருந்து, காலி செய்யும்போது அதே தொகையைத் திரும்பப் பெறுவதை நாம் லீஸ் என்கிறோம். பழைய பேச்சில் போக்கியம். கேட்பதற்குக் குடியிருப்பவருக்கே லாபம் போலத் தோன்றும். அந்த லாபத்தைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். அந்த வீடு வாடகைக்கு விட்டால் மாதம் 7,000 ரூபாய் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுக்கு 84,000 ரூபாய். அதாவது அந்த உரிமையாளர் உங்கள் அக்காவிடம் நான்கு லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 21 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குகிறார் என்று பொருள். சொந்த வீடும் சரியான ஆவணமும் உள்ளவருக்கு அந்த வீட்டின் பேரில் வங்கி ஏறக்குறைய இதில் பாதி வட்டிக்கே கடன் தரும். அப்படியிருக்க அவர் ஏன் வங்கிக்குப் போகவில்லை? ஆவணத்தில் ஏதேனும் குறை இருக்கலாம், அவசரச் செலவு இருக்கலாம், வங்கி வேண்டாம் என்ற பிடிவாதமாகவும் இருக்கலாம். ஏற்கெனவே வங்கிக்குப் போய்விட்டார், வீடு அங்கே அடமானத்தில் இருக்கிறது என்பதும் அந்தக் காரணங்களில் ஒன்று. என் அனுபவத்தில் அடிக்கடி காண்பதும் அதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார் என் மேசைக்கு வந்தார். கையில் இரண்டு தாள்கள். ஒன்று, ஐந்து லட்சம் ரூபாய்க்கான லீஸ் ஒப்பந்தம். அழுக்குப் படாமல் இருக்கட்டும் என்று முத்திரைத்தாளோடு லேமினேஷன் செய்து வைத்திருந்தார். மற்றொன்று, ஒரு வங்கியின் உடைமை கையகப்படுத்தும் அறிவிப்பு. கதவில் ஒட்டியிருந்ததை அவரே கிழித்துக்கொண்டு வந்ததால் பின்புறத்தில் பசை காய்ந்து கட்டியாக இருந்தது. பதிவுத்துறை தளத்தில் அந்த மனையின் புல எண்ணைப் போட்டு வில்லங்கம், அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல், பார்த்தேன். அவர் பணம் கொடுத்த தேதிக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே ‘உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு ஆவணம்’ என்று ஒரு பதிவு, அதாவது பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கியதற்கான அடமானப் பதிவு. எழுதிக் கொடுத்தவர் வீட்டுக்காரர், எழுதி வாங்கியவர் அந்த வங்கி. திரையைத் திருப்பிக் காட்டியபோது அவர் அதைப் படிக்கவில்லை, ‘இதைப் பார்க்க எவ்வளவு சார் ஆகும்?’ என்று மட்டும் கேட்டார். பார்வையிடக் கட்டணம் எதுவும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வங்கியின் பக்கத்திலிருந்து இது எப்படி நடக்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றால் கடன் வாராக் கடனாகிறது. 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி கடன்காரருக்கு 60 நாள் அறிவிப்புத் தரும். அது கடன்காரருக்குப் போகும், குடியிருப்பவருக்கு வராது. அதன் பிறகே கதவில் அறிவிப்பு ஒட்டப்படும், செய்தித்தாள்களில் வெளியாகும், தேவைப்பட்டால் மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவர் வழியாகப் போலீஸ் துணையோடு வீடு எடுக்கப்படும். அடமானத்துக்குப் பிறகு வங்கியின் சம்மதமின்றி எழுதப்பட்ட லீஸுக்கு அந்தக் கட்டத்தில் கிடைக்கும் பாதுகாப்பு மிகக் குறைவு. கொடுத்த பணத்தை வீட்டுக்காரரிடம் வழக்குப் போட்டுத்தான் கேட்க வேண்டும். வங்கிக்கே கட்ட முடியாதவரிடம் தீர்ப்பை வைத்துக்கொண்டு என்ன வசூலிப்பது?

இதைவிட மோசமானது நடுவில் ஒருவர் நிற்கும் லீஸ். உங்கள் அக்கா விஷயத்தில் எனக்கு உறுத்துவது இதுதான். இந்த நபர் ஊரில் இல்லாத உரிமையாளரிடமிருந்து வீட்டை மாத வாடகைக்கு எடுப்பார். அதையே தாம் நிர்வகிக்கும் வீடு என்று சொல்லி இன்னொரு குடும்பத்துக்கு லீஸுக்கு விடுவார். இப்படி மூன்று வீடுகள், வீட்டுக்கு ஐந்து லட்சம் என்றால் அவர் கையில் 15 லட்சம். மூன்று வீட்டுக்கும் மாதம் 9,000 வீதம் 27,000 ரூபாயை உரிமையாளர்களுக்குத் தவறாமல் கட்டுவார். பத்து மாதத்தில் 2,70,000 ரூபாய் போகும். யாருக்கும் சந்தேகம் வராது. உரிமையாளருக்கு வாடகை வருகிறது, குடியிருப்பவரிடம் யாரும் வாடகை கேட்பதில்லை. பதினோராவது மாதம் மீதி 12,30,000 ரூபாயோடு அவருடைய கைபேசி அணைந்துவிடும். அதன்பின் பெங்களூருவிலிருந்து காரில் வந்து இறங்கும் உரிமையாளர், ‘இரண்டு மாத வாடகை பாக்கி, நீங்கள் யார்?’ என்று கேட்கும்போதுதான் அந்தக் குடும்பத்துக்குத் தாங்கள் யார் என்பதே தெரியவரும். சட்டப்படி, உரிமையாளரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் வாடகைதாரர் உள்வாடகைக்கு விட முடியாது. ஆகவே அந்த லீஸ் உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது.

எல்லா லீஸும் இப்படியல்ல. பத்து ஆண்டுகளாக லீஸிலேயே இருந்து, பிள்ளைகளின் கல்யாணத்துக்கு அந்தப் பணத்தைச் சேதமில்லாமல் வாங்கிக்கொண்டு போன குடும்பங்களையும் நான் அறிவேன். ஆனால் அவர்கள் உரிமையாளரை நேரே அறிந்தவர்கள். லீஸ் எடுத்தே தீர வேண்டும் என்றால், உங்கள் அக்கா உரிமையாளரையே நேரில் சந்திக்க வேண்டும். அவருடைய கிரயப் பத்திரமும் பட்டாவும் பார்க்க வேண்டும். கடைசி முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கம் போட வேண்டும். ஒப்படைப்பு ஆவணம் இருந்து, அதன் பின்னால் கடன் தீர்ந்ததற்கான இரசீது ஆவணம் இல்லையென்றால் கடன் நிற்கிறது என்று கொள்ளுங்கள். மாத வாடகைக்குப் போகிறவருக்கு வீட்டுக்கடன் இருப்பது பெரிய ஆபத்தில்லை. லட்சங்களைக் கொடுப்பவருக்கு அதுவே எல்லாம்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்பதோடும் நின்றுவிடக் கூடாது. பதிவானது மட்டுமே அதில் வரும். முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முத்திரை வைத்த லீஸ் அதில் தெரியாது. அதனால்தான் ஒரே வீட்டை இரண்டு பேருக்கு லீஸ் எழுத முடிகிறது. பதிவு செய்யாமல் ஆவணத்தை மட்டும் ஒப்படைத்து வாங்கிய தனியார் கடனும் அதில் தெரியாது. அசல் கிரயப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவே. ‘லாக்கரில் இருக்கிறது’ என்று மூன்று முறை சொன்னால், எந்த வங்கியின் லாக்கரில் என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம்.

எழுதும் முறையில் என் யோசனை, பதிவு செய்த போக்கிய அடமானம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்குப் போக்கியம் என்றால் இரண்டு சாட்சிகளோடு எழுதிப் பதிவு செய்துதான் ஆக வேண்டும். செலவு ஆகும், வீட்டுக்காரர் தயங்குவார். ஆனால் பதிவான அந்த நாளிலிருந்து உங்கள் அக்காவின் பெயர் அந்த வீட்டின் வில்லங்கத்தில் ஏறிவிடும். அவரை அறியாமல் அந்த வீட்டை விற்பதும் அடமானம் வைப்பதும் கடினமாகும். பணத்தை வங்கி வழியாகவே கொடுக்க வேண்டும். ஒரே பரிவர்த்தனையில் இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, ஆகவே ‘கேஷாகத்தான் வேண்டும்’ என்பவருக்கு அதையே பதிலாகச் சொல்லலாம்.

உங்கள் ஓசூர் வாடகைக்கு இவ்வளவு தேவையில்லை என்றாலும் ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். பதினொரு மாதத்துக்கு எழுதினால் எங்கும் பதிய வேண்டாம் என்பது பழைய கணக்கு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்ற 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தவிர்க்கப் பிறந்தது அந்தப் பதினொரு மாதம். 2017-ஆம் ஆண்டுச் சட்டமோ கால அளவைப் பார்க்காமல், வாடகை ஒப்பந்தங்களை வாடகை அதிகார அமைப்பிடம் பதியச் சொல்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் அந்தப் பொறுப்பில் இருப்பார். விண்ணப்பத்தை இணையத்திலேயே கொடுக்கலாம். பதிவெண் கிடைத்துவிட்டால், காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும் என்ற சட்டவிதியை எழுத்தைக் காட்டிக் கேட்க முடியும். ஒப்பந்தத்தில் கதவு எண்ணோடு மின் இணைப்பு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். கதவு எண்கள் பழையது, புதியது என்று மாறிக்கொண்டே இருக்கும், மின் இணைப்பு எண் குழப்பாது. பூசணம் பிடித்த சுவர், உடைந்த கண்ணாடி, ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் குடிபுகும் நாளிலேயே படமெடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால், காவல் நிலையத்தில் ‘இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்’ என்று சொல்லக்கூடும். அட்வான்ஸைத் திருப்பித் தரத் தாமதிக்கும் உண்மையான உரிமையாளர் விஷயத்தில் அது சரியாக இருக்கலாம். தமக்கு இல்லாத உரிமையை இருப்பதாகக் காட்டிப் பணம் வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவின்படி மோசடிக் குற்றம். புகாரை எழுத்தில் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, பிறகு நீதித்துறை நடுவரிடம் செல்லலாம். இதே நபர் வேறு குடும்பங்களிடமும் வாங்கியிருப்பது தெரிந்தால் எல்லோருமாகச் சேர்ந்து மாவட்டக் குற்றப் பிரிவுக்குப் போங்கள்; தனித்தனியாகப் போகும்போது சச்சரவாகத் தெரிவது, சேர்ந்து போகும்போது குற்றமாகத் தெரியும்.

உங்கள் அக்கா டோக்கனாக இருபதாயிரம் கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மீதிப் பணத்துக்கு நாள் குறிக்கும் முன், அந்த நபரிடம் மூன்றைக் கேட்கச் சொல்லுங்கள்: உரிமையாளரின் கைபேசி எண், கடைசி வீட்டு வரி ரசீது, மனையின் கிராமப் பெயரும் புல எண்ணும். முதல் இரண்டும் ஐந்து நிமிட வேலை. மூன்றாவது கிடைத்ததும் எந்தக் கணினி மையத்திலும் வில்லங்கத்தைப் பார்த்துவிடலாம், அல்லது எந்த ஆவண எழுத்தரிடமும் எடுத்துப் போகலாம். அவற்றைத் தர அவர் ஒரு வாரம் இழுத்தால், டோக்கனைத் திருப்பிக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாக ஒரு செய்தி அனுப்பிவிட்டு அக்காவை வேறு வீடு பார்க்கச் சொல்லுங்கள். பழையபேட்டையிலும் ராயக்கோட்டை சாலையிலும் பலகைகள் தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.